சர்வர் அப்புறம், இடப் பதிவேடு முதலில்: நகர ஆய்வுக் குழுவுக்குப் பொது டேட்டா அமைப்பு போடுவது எப்படி

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் அதைச் சுற்றி வாழ்கிறவர்களையும் ஒரு குழுவாகச் சேர்ந்து ஆராயப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீரியல் படித்தவர் ஒருவர், சமூகவியலில் பிஎச்டி செய்கிறவர்கள் இரண்டு பேர், பொதுச் சுகாதாரத்திலிருந்து ஒருவர், பழைய நில ஆவணங்களைக் கிளறும் வரலாற்றுக்காரர் ஒருவர், வரைபட மென்பொருள் தெரிந்த இளைஞர் ஒருவர். இப்படி ஒரு குழு கூடினால் முதல் வாரத்திலேயே ஒரு கூகுள் டிரைவ் ஃபோல்டரும் ஒரு வாட்ஸாப் குழுவும் பிறந்துவிடும். கொஞ்ச நாளில் யாராவது, வழக்கமாக வரைபட இளைஞர்தான், "நமக்குன்னு ஒரு சர்வர் வேணும், டேஷ்போர்டு வேணும்" என்பார். நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் அது எடுப்பாகவும் இருக்கும். கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதற்குப் பணம் அநேகமாகத் தேவைப்படாது, ஆனால் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நாலு நாள் வாக்குவாதம் செய்ய வேண்டியிருக்கும். இடங்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் போடுவதுதான் அது.

நான் சென்னையை வைத்தே எழுதுகிறேன், எனக்குப் பழக்கமான ஊர் அது. கோவை, மதுரைக்காரர்கள் ஊர்ப் பெயரை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

இடப் பதிவேடு

ஒரே பகுதியை ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு மாதிரி வெட்டி வைத்திருக்கும். நீரியல்காரருக்கு நீர்பிடிப்புப் பகுதி, சுகாதாரக்காரருக்கு மாநகராட்சி மண்டலமும் வார்டும், வரலாற்றுக்காரருக்கு வருவாய் கிராமமும் சர்வே எண்ணும், சமூகவியல்காரருக்கு மக்கள் வாயில் வழங்கும் ‘நகர்’ பெயர். இது போதாதென்று இந்த எல்லைகள் காலத்துக்குக் காலம் மாறவும் செய்கின்றன.

கண்ணகி நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது அது காஞ்சிபுரம் மாவட்டத்து ஒக்கியம் துரைப்பாக்கத்தில் இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்து, 155 வார்டுகள் 200 வார்டுகளாகி, கண்ணகி நகர் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. மாவட்டம் மட்டும் காஞ்சிபுரமாகவே இருந்து, 2018-இல்தான் சென்னை மாவட்டமானது. அந்த ஆண்டு வார்டு எல்லைகளையும் மறுபடி வரைந்தார்கள். பக்கத்திலிருக்கும் பெரும்பாக்கமோ இந்த விரிவாக்கம் எதிலும் சேரவில்லை. 2019-இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தபோது அங்கே போனது. அங்குள்ள குடிசை மாற்று வாரிய (இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) அடுக்குமாடிகளில் மக்கள் குடியேறியதே 2011 கணக்கெடுப்புக்குப் பிறகுதான்.

இப்போது உங்கள் குழுவில் ஒருவர் 2011 கணக்கெடுப்பின் ‘சென்னை’ எண்ணிக்கையான 46 லட்சத்துச் சொச்சத்தை எடுத்து, இன்னொருவர் வைத்திருக்கும் இன்றைய 200 வார்டு டெங்கு எண்ணிக்கையோடு வகுத்தால் வருகிற விகிதத்துக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. எக்செல் எந்த எச்சரிக்கையும் கொடுக்காது. இரண்டு தாளிலும் ‘வார்டு 100’ என்று ஒரு வரி இருக்கும், இரண்டும் ஒரே இடமாக இருக்க வேண்டியதில்லை, வரிகள் மட்டும் ஒழுங்காக ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே ஒரு அட்டவணை திறங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் உங்கள் குழுவே கொடுக்கும் ஒரு எண். அந்த எண்ணில் எந்தப் பொருளும் இருக்கக் கூடாது, ‘சென்-மண்டலம்15-வார்டு’ என்றெல்லாம் கோத்தால் மண்டலம் மாறும்போது எண்ணே பொய்யாகிவிடும். சும்மா இ-0147 போதும். அடுத்து தமிழ்ப் பெயர், ஆங்கில எழுத்தில் பெயர், மக்கள் சொல்லும் வேறு பெயர்கள், இடத்தின் வகை, இந்த எல்லை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும், எந்தப் பெரிய இடத்துக்குள் அடங்கும், எல்லையை எங்கிருந்து எடுத்தோம். எல்லை மாறினால் பழைய வரியைத் திருத்தாதீர்கள். அதற்கு முடிவுத் தேதி போட்டுவிட்டுப் புது எண்ணோடு புது வரி சேருங்கள். ஒருமுறை கொடுத்த எண்ணை வேறு இடத்துக்கு மறுபடி கொடுக்கவே கூடாது. அரசு கொடுத்த குறியீடுகளுக்கும் அட்டவணையில் தனித் தனிப் பத்திகள் (column) வையுங்கள்: கணக்கெடுப்புக் குறியீடு ஒன்று, பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவில் இருக்கும் எண் இன்னொன்று. வெளியிலிருந்து வரும் எந்தத் தரவும் இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வரும்.

இரண்டாவதாக ஒரு சிறிய அட்டவணை: பழைய எல்லையில் எவ்வளவு பங்கு புதிய எல்லைக்குள் விழுகிறது என்று. இதைப் பரப்பளவை வைத்துப் போடுவதுதான் எல்லோருடைய வழக்கம், கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் இரண்டு எல்லை அடுக்கையும் வெட்டினால் ஐந்து நிமிட வேலை. ஆனால் பள்ளிக்கரணை மாதிரி இடத்தில் அது கவிழ்த்துவிடும். வார்டில் பாதி சதுப்பு நிலமும் ஏரியுமாக இருந்தால், பரப்பளவுப்படி பிரிக்கும்போது நீங்கள் மக்களைத் தண்ணீரில் குடியேற்றுகிறீர்கள். நீரியல்காரரிடம் நீர்நிலை அடுக்கு இருக்கும், அதைக் கழித்துவிட்டு, கூகுள் இலவசமாக வெளியிட்டிருக்கும் ஓப்பன் பில்டிங்ஸ் கட்டட எல்லைத் தரவைக் கொண்டு பங்கிடுங்கள். மாடிக்கட்டடம், குடிசை வித்தியாசம் அதில் தெரியாது என்றாலும் வெறும் பரப்பளவைவிட எவ்வளவோ மேல். பல துறை சேர்ந்து வேலை செய்வதன் லாபம் என்று நான் நினைப்பது இந்த மாதிரி இடங்களைத்தான். கருத்தரங்க மேடையில் அது பற்றிப் பேசுவதை அல்ல.

இதே பாணியில் ஒரு நிகழ்வுப் பதிவேடும் வேண்டும், ஆனால் அது சின்னது. பேட்டியில் "அந்த வெள்ளத்தப்போ" என்பார்கள். எந்த வெள்ளம்? 2015 நவம்பரா, அந்த டிசம்பர் முதல் தேதியா, 2021 நவம்பரா, 2023 டிசம்பர் மிக்ஜாமா? 2016 வர்தா, 2020 நிவர் எல்லாவற்றையும் எண் கொடுத்துப் பட்டியலில் போட்டுவிடுங்கள். பேட்டி எடுக்கிறவர் அந்த இடத்திலேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொண்டு நிகழ்வு எண்ணைக் குறித்துவிட்டால், பிறகு மழையளவுத் தரவோடு நேராகச் சேர்க்கலாம்.

தமிழ் எழுத்து செய்யும் வேலை

ஆங்கில வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது, நமக்கோ இதில்தான் பாதிப் பொழுது போகும். பள்ளிக்கரணைக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் கௌரிவாக்கத்தைப் பாருங்கள். ஒருவர் ‘கௌ’ என்று முறையாகத் தட்டியிருப்பார். இன்னொருவர் கொம்பு போட்டு, க போட்டு, பக்கத்தில் ள என்ற எழுத்தையே போட்டு ‘கெளரிவாக்கம்’ என்று வைத்திருப்பார், திரையில் இரண்டும் கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும். மூன்றாமவர் ‘கவுரிவாக்கம்’. கணினிக்கு இவை மூன்று ஊர்கள். ‘ஸ்ரீ’யிலும் இதே கதை, இரண்டு விதமான குறியீட்டு வரிசையில் அதே வடிவம் வரும். ‘கொ’ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேமிக்கப்பட்டிருந்தால் யூனிகோடு ஒழுங்குபடுத்தல் என்ற ஒரு கட்டளை, என்எஃப்சி என்பார்கள், சரிசெய்துவிடும். உள்ளே வரும் எல்லாத் தரவுக்கும் அதை முதலில் ஓட்டிவிடுங்கள். ஆனால் ‘ள’ விவகாரத்தை அது தொடாது, அதற்குத் தேடி மாற்றுவதுதான் வழி. அல்லது ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருளில் பெயர்ப் பத்தியைத் திறந்து, ஒரே ஊரின் வேறு வேறு எழுத்துக்கூட்டல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எல்லாவற்றையும் இடப் பதிவேட்டு எண்ணுக்கு மாற்றுங்கள். ஊர்ப் பெயரை வைத்து இரண்டு அட்டவணையைச் சேர்ப்பதையே குழுவில் தடை செய்துவிடலாம். எண்ணை வைத்து மட்டும்தான் சேர்க்க வேண்டும்.

பழைய அரசு ஆவணங்கள் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் கிறுக்கல்தான் வரும். மாற்றிகள் இருக்கின்றன, மாற்றியதையும் அசலையும் இரண்டையும் வையுங்கள். ஸ்கேன் மட்டும்தான் இருக்கிறதென்றால் டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் படத்திலிருந்து தமிழைப் படிக்கும், பழைய அச்சில் தடுமாறும், ஒரு ஆள் உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும்.

அப்புறம் எக்செல். சென்னையில் வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருப்பது தெரிந்ததுதான். பழையது 7, புதியது 12 என்றால் களத்தில் 7/12 என்று எழுதுவார்கள். அந்த அட்டவணையின் சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரை) எக்செல்லில் இரட்டைக் கிளிக் செய்து திறந்த அடுத்த நொடி அது டிசம்பர் 7-ஆம் தேதியாகிவிடும். சேமித்துவிட்டால் போயிற்று, பழைய எண் எது, புதிய எண் எது என்று திரும்ப எடுப்பது பெரும்பாடு. கணக்கெடுப்புக் குறியீட்டில் முன்னால் இருக்கும் சுழியங்களையும் அது தின்றுவிடும். பரிகாரம் இரண்டு: பழைய கதவு எண்ணுக்கும் புதிய கதவு எண்ணுக்கும் ஆரம்பத்திலேயே தனிப் பத்தி வையுங்கள், சிஎஸ்வியை எப்போதும் இம்போர்ட் வழியாக, குறியீட்டுப் பத்திகளை ‘உரை’ என்று சொல்லி, தமிழ் எழுத்து சிதையாமலிருக்க யூடிஎஃப்-8 என்ற எழுத்துக்குறியீட்டைத் தேர்ந்தெடுத்துத் திறங்கள். இதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து அலுவலகச் சுவரில் ஒட்டினாலும் தப்பில்லை.

வரைபட அடுக்குகள்

வரைபட அடுக்கைச் சேமிக்க ஷேப்ஃபைல் என்ற பழைய ஃபைல் வடிவம் வேண்டாம், ஜியோபேக்கேஜ் வடிவத்தைப் பயன்படுத்துங்கள். ஷேப்ஃபைலில் பத்தித் தலைப்புக்குப் பத்து பைட்தான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் ஆகும் என்பதால் ‘வார்டு’ என்ற சொல்கூட அதில் அடங்காது. ஜியோபேக்கேஜ் ஒரே ஃபைல், மெயிலில் அனுப்பும்போது நாலு துணை ஃபைலில் ஒன்று விடுபட்டுப்போகும் தொல்லையும் இல்லை.

சேமிப்பது அட்சரேகை, தீர்க்கரேகையாக இருக்கட்டும். தூரம், பரப்பளவு கணக்கிடும்போது மட்டும் மீட்டர் அளவிலான யூடிஎம் என்ற ஆய முறைக்கு மாற்றுங்கள். சென்னைக்கு அதில் 44 வடக்கு மண்டலம், மென்பொருளில் தேர்ந்தெடுக்க வேண்டிய இபிஎஸ்ஜி எண் 32644. கோவை 43-இல் விழும், ஆகவே மாநிலம் முழுக்க ஒரே எண்ணைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது.

உயரம் பற்றி ஒரு எச்சரிக்கை, வெள்ள ஆய்வு என்பதால். செல்போன் ஜிபிஎஸ் தரும் மூல உயரம் கடல் மட்டத்திலிருந்து அளந்தது அல்ல, ஒரு கணித நீள்வட்ட மேற்பரப்பிலிருந்து அளந்தது. நம் கடற்கரையில் இந்த இரண்டுக்கும் எண்பது மீட்டருக்கு மேல் வித்தியாசம், அதனால் மெரினாவில் நின்றால்கூட மைனஸில் காட்டும். சில போன்கள் தாங்களே திருத்திவிடும், சில திருத்தாது. கள ஆய்வில் வரும் உயரப் பத்தியை நீரியல்காரர் பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை யாரும் தொடக் கூடாது என்று விதி போடுங்கள்.

கள ஆய்வுப் படிவம்

கோபோடூல்பாக்ஸ் என்ற படிவ மென்பொருள் போதும். இணையம் இல்லாத இடத்திலும் போனில் ஓடும், படிவத்தை எக்செல் தாளிலேயே எழுதலாம், ஒரே கேள்விக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித் தனிப் பத்தி வைக்கலாம். விடைகளுக்குப் பின்னால் சேமிக்கப்படும் குறியீடு மட்டும் மொழி எதுவானாலும் ஒன்றாக இருக்கட்டும்.

பெரும்பாக்கம் போன்ற இடத்தில் ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பிப் போகாதீர்கள். எட்டு அடுக்குக் கட்டடத்தில் கீழ் வீட்டுக்கும் மேல் வீட்டுக்கும் ஒரே புள்ளிதான் விழும். பிளாக் எண், மாடி, கதவு எண் மூன்றும் கட்டாயக் கேள்வி. வெள்ளத்தின்போது தரைத்தளத்துக்காரர் அனுபவமும், லிஃப்ட் நின்றுபோய் ஏழாவது மாடியில் மாட்டிக்கொண்ட வயதானவர் அனுபவமும் ஒரே புள்ளியில் சராசரியாகிப் போனால் ஆய்வு செய்து என்ன பயன்?

தண்ணீர் எவ்வளவு நின்றது என்ற கேள்விக்கு நீரியல்காரர் சென்டிமீட்டரில் பதில் கேட்பார். மக்கள் சொல்வது "முட்டிக்கால் வரைக்கும்", "இடுப்பளவு", "கட்டில் முங்கிடுச்சு". களத்திலேயே கணக்குப் போட்டு 50 என்று எழுதிவிட வேண்டாம், ஆளுக்கு ஆள் வேறு எண் போடுவார்கள். சொன்னதைச் சொன்னபடி ஒரு பத்தியில் எழுதுங்கள். வீட்டு வாசலில் நின்றா, உள்ளே நின்றா, தெருவிலா என்பதைத் தனியே கேளுங்கள், ஏனென்றால் வாசற்படி உயரம் ஒரு அடி வித்தியாசத்தை மறைத்துவிடும். சுவரில் தண்ணீர்க் கறை இன்னும் இருந்தால் டேப் வைத்து அளந்து படம் எடுங்கள். சென்டிமீட்டராக மாற்றுவதை அலுவலகத்தில் ஒரே ஆள், எழுதி வைத்த ஒரே விதிப்படி, வேறு பத்தியில் செய்யட்டும். விதி தப்பென்று பிறகு தெரிந்தால் அந்தப் பத்தியை மட்டும் அழித்துவிட்டு மறுபடி போடலாம். சமூகவியல்காரருக்கோ அந்த ‘கட்டில் முங்கிடுச்சு’தான் தரவு, அது அப்படியே இருக்கும்.

இந்த வேலை நமக்குப் புதிதும் இல்லை. 2015 வெள்ளத்தின்போது தன்னார்வலர்கள் வரைந்த திறந்த வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை அடியாக வைத்து, மக்கள் தாங்களே தண்ணீர் நின்ற தெருக்களைக் கிளிக் செய்து குறித்த வரைபடம் ஒன்று ஓடியது. தெரு என்ற ஒரு பொது அலகு ஏற்கெனவே வரையப்பட்டிருந்ததால்தான் அவ்வளவு பேர் அவ்வளவு சீக்கிரம் சேர்ந்து குறிக்க முடிந்தது.

பேட்டிகள்

பேட்டியின் மூலப் பிரதி தமிழ் எழுத்து வடிவம்தான். ஆங்கில மொழிபெயர்ப்பு அதன் வழிவந்தது, இரண்டையும் ஒரே ஃபைலில் கலக்காதீர்கள். பாராவுக்குப் பாரா ஒலிப்பதிவின் நேரத்தைக் குறியுங்கள். பேட்டித் துண்டுகளுக்குக் கருத்துவாரியாகக் குறியீடு போட டாகெட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, உலாவியிலேயே பல பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். யாராவது இதே வேலைக்கான கட்டண மென்பொருளான என்விவோவோ அட்லஸோ வைத்திருந்தால் ரெஃபி என்ற பொதுப் பரிமாற்ற வடிவத்தில் ஏற்றுமதி செய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் உரிமம் முடிகிற நாளோடு அவர் வேலையும் பூட்டிக்கொள்ளும்.

மற்றவர்களுக்கும் பயன்படுகிற மாதிரி செய்ய வேண்டிய ஒன்று உண்டு, ஏனோ யாரும் செய்வதில்லை: பேட்டியின் ஒவ்வொரு பகுதிக்கும் அது பேசும் இடத்தின் பதிவேட்டு எண்ணையும் நிகழ்வு எண்ணையும் குறியீடாகச் சேருங்கள். பேட்டி கொடுத்தவர் கண்ணகி நகரில் உட்கார்ந்து, தான் முன்பு இருந்த கூவம் கரையைப் பற்றிப் பேசலாம்; பேசிய இடம் வேறு, பேசப்பட்ட இடம் வேறு, இரண்டும் பதிவாக வேண்டும். இதைச் செய்துவிட்டால் இ-0147 என்று தேடியதும் அந்த இடத்தின் நீர்மட்டம், காய்ச்சல் எண்ணிக்கை, வருவாய் வரைபடம், பேட்டித் துண்டு எல்லாம் ஒரு வரிசையில் வந்து நிற்கும். டேஷ்போர்டு என்று ஆரம்பத்தில் கேட்டது உண்மையில் இதைத்தான்.

படிக்கும் கட்டுரைகளுக்கு ஜோடேரோ என்ற மேற்கோள் மென்பொருளில் குழு நூலகம் திறங்கள். இலவசமாகக் கிடைக்கும் 300 எம்பி, இணைக்கும் ஃபைல்களுக்குத்தான், குறிப்புகள் அந்தக் கணக்கில் சேராது, ஆகவே பிடிஎஃப்களை வேறிடத்தில் வையுங்கள்.

எங்கே வைப்பது

மூன்று ஃபோல்டர்: மூலம், வேலை, வெளியீடு. மூலத்தில் வந்த தரவை வந்தபடி போட்டு, யாரும் திருத்த முடியாதபடி பூட்டிவிடுங்கள். ஒவ்வொன்றோடும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்: எங்கிருந்து, யார், என்று வாங்கினார், என்ன நிபந்தனை. ஃபைல் பெயரில் தேதியை 2024-11-05 என்று ஆண்டு முதலில் வரும்படி எழுதினால் தானாகவே வரிசையாக அடுக்கிக்கொள்ளும்.

கல்லூரியில் கணினி மையம் ஒத்துழைக்கும் என்றால் அங்கேயே நெக்ஸ்ட்கிளவுட் என்ற ஃபைல் பகிரும் மென்பொருளை நிறுவச் சொல்லுங்கள். இல்லையென்றால் மாத வாடகைக்கு ஒரு சிறிய சர்வர் எடுத்தால் போதும். வரைபடங்களுக்கான போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளம் எல்லாம் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் ஒரே அடுக்கைத் திருத்தும் நிலை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் போட்டால் அதைப் பராமரிப்பதே ஒரு தனி ஆய்வாகிவிடும்.

கணக்கு யார் பெயரில் என்பதில் மட்டும் கறாராக இருங்கள். மாணவர் தன் சொந்த ஜிமெயிலில் ஃபோல்டர் திறப்பார், படிப்பு முடிந்து பெங்களூரு போவார், இரண்டு வருடம் கழித்து அந்தக் கணக்கின் இடம் நிரம்பிவிடும். குழுவுக்கென்று ஒரு பொது மெயில் முகவரி, அதன் பாஸ்வேர்டு இரண்டு பேரிடம்.

பேக்கப்புக்குப் பழைய விதிதான்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு கட்டடத்தில். வெள்ளத்தைப் பற்றிய ஆய்வின் டிஸ்க்கைத் தரைத்தளத்து அலமாரியில் வைக்க வேண்டாம் என்றும் சொல்லி வைக்கிறேன், பார்த்திருக்கிறேன். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஃபைலைப் பேக்கப்பிலிருந்து திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

யார் பார்க்கலாம்

இதில் மெத்தனம் கூடாது. ஆற்றங்கரையில், ஏரி விளிம்பில் இருக்கும் வீடுகளை ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து, எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள், பட்டா உண்டா என்ற விவரத்தோடு ஒரு வரைபடம் போட்டால், நீங்கள் அதை எந்த நல்ல எண்ணத்தோடு போட்டிருந்தாலும் அது ஆக்கிரமிப்பு அகற்றும் பட்டியலாகவும் பயன்படும். ஆகவே பகிர்வில் மூன்று படி வையுங்கள். வீட்டுப் புள்ளி, பெயர், ஒலிப்பதிவு இவை முதல் படி. நேரடியாகச் சேகரித்தவரும் பொறுப்பாளரும் மட்டும். பெயருக்குப் பதில் எண் போட்டு, புள்ளியைத் தெரு அல்லது பிளாக் அளவுக்கு மேலேற்றியது இரண்டாம் படி, குழு முழுக்க. வார்டு அளவில் கூட்டியது மூன்றாம் படி. வெளியே கொடுக்கலாம், அதுவும் அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் ஐந்து பத்து வீடுகளுக்குக் குறைவாக விழுந்தால் அந்த எண்ணை மறைத்துவிட்டு. எந்த எண் யார் பெயர் என்ற திறவுகோல் அட்டவணை வேறு இடத்தில், கடவுச்சொல்லோடு இருக்கட்டும். கள ஆய்வாளர்கள் படிவப் படங்களை வாட்ஸாப்பில் அனுப்பும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். ஆதார் எண்ணைக் கேட்கவே வேண்டாம், எந்த ஆய்வுக் கேள்விக்கும் அது தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை.

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்கு விலக்கு கொடுக்கிறது என்பார்கள். கொடுக்கிறது, நிபந்தனையோடு: அந்தத் தரவை வைத்துக் குறிப்பிட்ட ஒரு மனிதரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது, வகுத்த தரநிலைகளின்படி கையாள வேண்டும். உங்கள் பட்டியலை ஒரு துறைக்குக் கொடுத்து அவர்கள் அதை வைத்து யாருக்கு வீடு ஒதுக்குவது என்று தீர்மானித்தால் அந்த விலக்கின் நிழலில் நிற்க முடியாது. ஒப்புதல் படிவத்தையும் இந்த மூன்று படிகளுக்கு ஏற்ப, பேச்சுத் தமிழில், வாய்விட்டுப் படித்துக் காட்டக்கூடிய நீளத்தில் எழுதுங்கள்.

வெளியிடுவது

முடிந்த தரவை ஸெனோடோ என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் போடலாம். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்துவது, ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இலவசம், மற்றவர்கள் மேற்கோள் காட்ட டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணும் கிடைக்கும், திருத்தினால் புதுப் பதிப்பு எண் வரும். உரிமத்தில் ஒரு சிக்கல்: ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து எடுத்ததை உங்கள் தரவுத்தளத்தோடு கலந்து வெளியிட்டால், கலந்த தரவுத்தளத்தையும் அதே திறந்த உரிமத்தில் கொடுத்தாக வேண்டும். ஆகவே அந்த அடுக்கைத் தனி ஃபைலாகவே வைத்திருங்கள். கூகுள் மேப்பைப் பார்த்து வரைந்த எதையும் திறந்த தரவாக வெளியிடவோ, ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் சேர்க்கவோ கூடாது. அரசின் டேட்டா தளத்தில் இருப்பவற்றுக்கு 2017-இல் வந்த திறந்த உரிமம் இருக்கிறது, மூலத்தைக் குறிப்பிட்டால் போதும்.

தரவு கொடுத்த மக்களுக்கு டிஓஐ எதற்கு? அவர்கள் தெருவின் வரைபடத்தை ஏ3 தாளில் அச்சடித்துக் குடியிருப்போர் சங்கத்தில் கொடுங்கள். தவறுகளையும் அவர்களே காட்டிக்கொடுப்பார்கள், அதைப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

ஆள்

நிதி விண்ணப்பத்தில் சர்வருக்கு ஒதுக்கும் தொகையைக் குறைத்து, டேட்டா பொறுப்பாளர் ஒருவருக்குப் பாதி நேரச் சம்பளம் போடுங்கள். பதிவேட்டில் புது எண் கொடுப்பது, மூலத் தரவைப் பூட்டுவது, பேக்கப் பார்ப்பது, யாருக்கு எந்தப் படி என்று திறந்துவிடுவது எல்லாம் அவர் வேலை. "எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கலாம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். கட்டுரைகளில் அவர் பெயரும் ஆசிரியர் வரிசையில் வர வேண்டும், அதைக் குழு சேரும் நாளிலேயே ஒரு பக்க ஒப்பந்தத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். யாராவது விலகினால் எதை எடுத்துப் போகலாம், எதை விட்டுப் போக வேண்டும், திட்டம் முடிந்தபின் முதல் படித் தரவை எப்போது அழிப்பது என்பதும் அதே தாளில்.

இப்போதே தொடங்கினால் ஒரு வசதி உண்டு. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான குறிப்புத் தேதி 2027 மார்ச் 1. அதன் வார்டு அளவுத் தரவு வெளியாகும்போது புதிய குறியீடுகள் வரும், 2011-இன் எண்களோடு ஒப்பிட ஊர் முழுக்க ஆளாளுக்கு ஓடுவார்கள். உங்கள் பதிவேட்டில் அதற்கு ஒரு பத்தி இப்போதே காலியாகத் திறந்து வைத்து, 155 வார்டிலிருந்து 200 வார்டுக்கான பங்கீட்டு அட்டவணையை முதலில் முடித்துவிடுங்கள், 2018 எல்லைகளுக்கு அதற்கடுத்து.